மூணுகண் பாலத்தின் இரண்டு முனை

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டு ஓவர்சியர் ஞானசேகர் சார் கொடுத்தது. பாலத்து வேலை முடிகிற வரைக்கும் எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்று தினமும் எழுத வேண்டுமாம். நான் அஞ்சாவது வரைதான் படிச்சேன் சார் என்றேன். டிராக்டர் என்று எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். எழுத்தும் டிராக்டர் அளவுக்கே இருக்கிறது, பரவாயில்லை, சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

வேலை இதுதான். நத்தையாற்றுக்கு மேலே இருக்கும் எங்கள் மூணுகண் பாலம், மூன்று வளைவும் முழுக்கக் கல்லால் கட்டினது. வெள்ளைக்காரன் காப்பி மூட்டை இறக்கக் கட்டினானாம். கைப்பிடிச் சுவரில் 1894 என்று வெட்டியிருக்கும். போன ஐப்பசி வெள்ளத்தில் ஒரு பெரிய மரம் உருண்டு வந்து நடுக்கண்ணில் மோதிக் கீறல் விட்டுவிட்டது. அதற்குக் கீழே சாரம் கட்டிப் பூசுகிறார்கள். பூசி முடிகிற வரை லாரி கிடையாது. மற்ற வண்டிகளும் எதிரும் புதிருமாகப் போகக் கூடாது, ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் நிற்க வேண்டும்.

பாலம் நடுவில் ஒட்டக முதுகு மாதிரி தூக்கியிருக்கும். இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. செல்போன் சிக்னலும் பள்ளத்தில் இல்லை. அதனால் சிவப்புச் சாயம் அடித்த ஒரு கட்டை. கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டி விடலாம். நாலஞ்சு வண்டி விட்டதும், கடைசி வண்டிக்காரர் கையில் கட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டும். அதை வாங்கிக்கொண்டு அடுத்த முனைக்காரர் விடுவார். வாங்கும்போது 'பின்னால வண்டி இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழிஞ்சிமேட்டு முனையில் நான். ஈச்சங்கொம்பு முனையில் யார் சார் என்று கேட்டேன். ஊருக்கு ஒருத்தர் இருக்கட்டும் என்று மகளிர் குழுவில் கேட்டு எடுத்தாராம், குணவதி என்று ஒரு அம்மா என்றார். சரி சார் என்றேன்.

குணவதி என் கூடப் பிறந்த தங்கச்சி. என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அதை ஓவர்சியரிடம் சொல்லவில்லை. அவர் வண்டிக் கணக்குத்தானே கேட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மினி பஸ் 7.10. பால் வேன் 7.25. ஜீப் மூன்று. பைக் எண்ணவில்லை, அது கொசு மாதிரி.

மினி பஸ் டிரைவர் சவுந்தர்தான் முதல் கட்டையைக் கொண்டுவந்தான். உங்க தங்கச்சி ஏதாவது சொல்லிச்சா என்று அவன் என்னைக் கேட்கிறான். நான் அல்லவா அவனைக் கேட்க வேண்டும். கட்டையை நீட்டும்போது முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாளாம். சரி, ஆறும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

கட்டை மொட்டையாகப் போகிறதே என்று என் கொண்டையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து அதில் சுற்றி அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கட்டை திரும்பி வந்தது. பூவைப் பிரித்துவிட்டாள். ஆனால் கீழே போடவில்லையாம், மதியம் அவள் தலையில் அதே பூவைப் பார்த்தேன் என்று சவுந்தர் சத்தியம் செய்கிறான். அவன் டீ ஓசியில் குடிப்பதற்காக எதை வேண்டுமானாலும் பார்ப்பான்.

டிராக்டர் 4. எல்லாம் வாழைத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் கலக்கிறார்கள். பழைய கல்லுக்கு சிமெண்டு ஆகாதாம், கல் மூச்சு விடாதாம். வெல்லத்துக்கு மலையில் உள்ள எறும்பெல்லாம் சாரத்தில் ஏறிவிட்டது. ஒரு கொத்தனார் நாள் முழுக்க ஒரு கையால் பூசி ஒரு கையால் தொடையைச் சொறிந்துகொண்டிருந்தார். பாலத்துக்குக் கீறல் ஆறுது, உங்களுக்கு ஆரம்பிக்குது என்றேன். மேலே பார்த்துக் கும்பிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

பழனிக்குப் போகிறவர்கள் நேற்றே போய்விட்டதால் பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. எனக்கு மூன்று நாளாக இருமல். சவுந்தரிடம் 'அங்க போய் நான் இருமுற மாதிரி ஒருவாட்டி இருமிக் காட்டுடா' என்று வேடிக்கைக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நடையில் கட்டையோடு ஒரு பொட்டலம். சுக்கும் திப்பிலியும் இடித்தது. யார் கொடுத்தது என்றால், கட்டையில் ஒட்டிக்கிட்டு வந்துச்சு என்கிறான்.

எங்கள் வீட்டில் திப்பிலி அப்படித்தான் ரெண்டு பங்கு போட்டு இடிப்போம். தொண்டை எரிந்தது. இருமல் நின்றது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஓவர்சியருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அக்கா தங்கச்சிக்குள்ள என்னம்மா சண்டை, நிலமா நகையா என்று கேட்டார். நிலமும் இல்லை, நகையும் இல்லை. ஒரு சின்னப் பேச்சு சார் என்றேன். எவ்வளவு சின்னது என்றார்.

ஜீப் 5. மினி பஸ் 4 நடை. பால் வேன் பஞ்சர்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சவுந்தர் இன்று ஒரு சேதி கொண்டுவந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இலக்கியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். குணவதியின் ஒரே மகள். இருபத்தாறு வயது. மாப்பிள்ளை வத்தலக்குண்டு, ஏதோ ஆஸ்பத்திரி உத்தியோகம். குணவதி வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறாளாம். என்னைக் கூப்பிடவில்லை.

அந்தச் சின்னப் பேச்சை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை ஓவர்சியர் எங்கே படிக்கப் போகிறார், டிராக்டரைத்தான் எண்ணுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இலக்கியாவுக்கு முதல் சம்பந்தம் வந்தது. தேனிப் பக்கத்து ஆட்கள். நான்தான் கேசரி பரிமாறினேன். எல்லாரும் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்க வைக்கலாமே என்று, எங்க பொண்ணு தங்கம்தான், ஆனா தூக்கத்துல எந்திரிச்சு நடக்கும், ஒருநாள் மூணுகண் பாலம் வரைக்கும் போயி கைப்பிடிச் சுவர் மேல படுத்துக்கிச்சு, பால்காரன்தான் எழுப்பிக் கூட்டிட்டு வந்தான் என்றேன். முழுக்க என் கற்பனை. யாரும் சிரிக்கவில்லை. கேசரியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். போனவர்கள் சும்மா இருக்கவில்லை. பாலத்தில் ஏதோ பிடித்திருக்கிறது என்று கதைக்குக் கால் முளைத்து, கை முளைத்து, அதற்கப்புறம் வந்த நாலு சம்பந்தமும் விசாரித்த உடனேயே நின்று போனது.

நான் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வண்டி எண்ணிக்கை மறந்துவிட்டது. நேற்று மாதிரிதான் இருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

குணவதி பேசிவிட்டாள். நேராக இல்லை, சவுந்தர் வழியாக. ஆறு வருஷம் கழித்து அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை: 'ஞாயித்துக்கிழமை லீவு போடச் சொல்லு.'

கீழேயிருந்து வருகிறவர்கள் என் முனையில்தான் நிற்க வேண்டும். கட்டை வரும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பக்கத்தில் இருக்கிறவளிடம் பெண் வீட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை விசாரிக்காமல் எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் இருப்பார்? அந்த இடத்தில் நான் நிற்கக் கூடாது. நியாயம்தான்.

ஓவர்சியரிடம் லீவு கேட்டேன். ஞாயிறன்று நடுக்கண்ணுக்குக் கடைசிப் பூச்சு, அன்றைக்குப் பழக்கமில்லாத ஆளை நிறுத்த முடியாது, வேறு எந்த நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தம்மாவும் கேட்டாங்க, பத்து மணிக்கு மேல, ஏற்கெனவே நின்னு பழகின கொழுந்தனை நிறுத்திட்டுப் போகச் சொல்லியிருக்கேன் என்றார். எனக்குக் கொழுந்தன் இல்லையே.

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். பேசாம இரு என்றார். முப்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் யோசனை அது ஒன்றுதான். இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன். ஆனால் வெறும் வாயை என்னால் மூடி வைக்க முடியாது, அது எனக்கே தெரியும். அதனால் பல்வலி. தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் வெகு நேரம் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு வர வேண்டியவர்கள் எமகண்டத்துக்கு முன்னால் பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்று ஒன்பதே காலுக்கே வந்துவிட்டார்கள். ஒரு வேன், எட்டுப் பேர். கட்டை குணவதியிடம் இருந்தது, அந்தப் பக்கத்திலிருந்து வாழைத்தார் டிராக்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் துண்டோடு நின்றேன்.

எல்லாரும் இறங்கினார்கள். பாலத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் ஒல்லி, கண்ணாடி போட்டிருந்தான். கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்து, இவ்வளவு நாள் நிக்குதே என்றான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவன் அம்மா மாம்பழக் கலர் பட்டில் என்னிடம் வந்து, ஈச்சங்கொம்பு இன்னும் எவ்வளவு தூரம் என்றார். ரெண்டு விரல் காட்டிவிட்டுக் கன்னத்தைக் காட்டினேன்.

பாவம், பல்வலியா என்று கைப்பையிலிருந்து கிராம்பு எடுத்து, நான் தடுப்பதற்குள் வாயில் திணித்துவிட்டார். பையன் கிட்டே வந்தான்.

"வாயைத் திறங்கம்மா, பாக்குறேன். நான் பல் ஆஸ்பத்திரியிலதான் வேலை செய்யறேன்."

ஆஸ்பத்திரி உத்தியோகம் என்று சொன்ன சவுந்தர் எந்த உறுப்பு என்று சொல்லவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி நாலடி பின்னால் போனேன். சிலருக்கு பயம் இருக்கும்மா என்று பையன் விலகிக்கொண்டான். நல்ல பிள்ளை.

அவன் அந்தப் பக்கம் போனதும் அம்மா குரலைத் தணித்துக் கேட்டார். "இந்தப் பாலம்தானே? குணவதி மக தூக்கத்துல எந்திரிச்சு வந்து இந்தச் சுவர் மேல படுத்துக்குமாமே. நாலு எடத்துல விசாரிச்சோம், நாலு எடத்துலயும் இதைத்தான் சொன்னாங்க. நேர்ல கேட்டுரலாம்னுதான் வந்தோம். நெசமா?"

என் கதை. கால் கை முளைத்துக் கீழே போன என் கதை, மலையேறி என்னிடமே வந்து நெசமா என்று கேட்கிறது. இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு அது வலியில் ஆட்டுகிற மாதிரி இருந்திருக்கிறது. ம்ஹூம் என்றேன், துண்டுக்குள் அது ம்ம் என்றுதான் வந்தது. அந்த அம்மா தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, ஆமாங்குது என்றார். அவர் உதட்டைப் பிதுக்கினார். வந்தது வந்துட்டோம், ஒரு காப்பியைக் குடிச்சுட்டு, அப்புறம் சொல்லி அனுப்புறோம்னு கிளம்பிரலாம் என்று ரெண்டு பேரும் முடிவு செய்ததை என் காதால் கேட்டேன். துண்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினேன். அவிழ்த்தால் பல்வலி பொய்யாகும், பொய் சொன்னவள் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று ஒரு நொடி நின்றுவிட்டேன்.

அந்த நேரத்தில் ஒரு பைக் வந்தது. நடந்தது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. சாரத்தில் வேலை செய்யும் ஆள் ஒருத்தர், மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் நிற்பதைக் குணவதியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். கடைசி டிராக்டர் அப்போதுதான் பாலத்தில் ஏறியிருக்கிறது. அது ஊர்ந்து வந்து சேரும் வரை பொறுக்க மாட்டாமல், டிராக்டரை ஒட்டிக்கொண்டு முந்திப் போகிற பைக்குக்காரன் கையில் கட்டையைக் கொடுத்து, வேனை உடனே விடச் சொல்லு என்று அனுப்பிவிட்டாள். அவன் கட்டையை என் கையில் திணித்துவிட்டுப் பறந்துவிட்டான். மூன்று வாரமாக ஒவ்வொரு கட்டைக்கும் நான் கேட்ட கேள்வி, பின்னால வண்டி இருக்கா. இன்று கேட்கவில்லை. வாயில் கிராம்பு, தாடையில் துண்டு. வேனை விட்டேன்.

ஒரு நிமிஷத்தில் நடுப்பாலத்திலிருந்து ரெண்டு ஹாரன் ஒன்றாகக் கேட்டது.

ஓடினேன். ஒட்டக முதுகின் உச்சியில் வேனும் டிராக்டரும் மூக்கும் மூக்கும் முட்டாத குறையாக நின்றன. ஒரு முழம் இடைவெளி. டிராக்டர் பின்னால் வாழைத்தார் டிரெய்லர், அது பின்னால் போகாது. வேன் டிரைவர் சமவெளிக்காரர், சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொத்தனார்கள் கீழேயிருந்து ஏறி வந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து குணவதி வந்தாள். விசேஷத்துக்குக் கட்டிய சேலைக்கு மேலே பச்சை வேலைச் சட்டை.

"பின்னால வண்டி இருக்கான்னு கேட்க மாட்டியா?" என்றாள். சவுந்தர் இல்லை, கட்டை இல்லை, நேராக என்னிடம். "மூணு வாரமா கேக்கத் தெரிஞ்ச வாய்க்கு இன்னைக்கு என்ன கேடு?"

நான் துண்டை உருவி எறிந்தேன்.

"நீதானடி லீவு போடச் சொன்ன. ஆளுக்குக் கிடைக்கல. வாய்க்குக் குடுத்தேன்."

வேன் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைப் பையன் என் வாயைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதற்கு மேல் மூடி வைக்க ஒன்றும் இல்லை. மாம்பழக் கலர் சேலைக்காரரிடம் போய் நின்றேன். நான் சொன்னது இது: "பல்வலி பொய். தூக்கத்துல நடக்கிறதும் பொய். ரெண்டும் நான் சொன்னதுதான். ஆறு வருஷத்துக்கு முந்தி நாலு பேரைச் சிரிக்க வைக்கணும்னு நான் கட்டின கதை அது. இந்தப் பிள்ளை ராத்திரி இந்தப் பாலத்தைப் பார்த்ததே கிடையாது. என் வாய் ஒருவாட்டி கெடுத்துச்சு, இன்னொருவாட்டி கெடுத்திரக் கூடாதுன்னுதான் கட்டி வச்சேன். கட்டினதும் கெடுக்கப் பாத்துருச்சு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பொண்ணு தூக்கத்துல நடக்காதா?"

"முழிச்சிருக்கும்போதே நடக்க மாட்டா. மூணு வீடு தள்ளி இருக்கிற கடைக்கு ஸ்கூட்டி எடுப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மறுபடியும். அதே பொண்ணு, அதே வாய்.

முதலில் சிரித்தது குணவதி. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்து, தோள் குலுங்கி, அப்புறம் அடக்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வர வேண்டிய சிரிப்பு. கொத்தனார்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அவன் அம்மா மட்டும் சிரிக்காமல் குணவதியிடம் கேட்டார். "இவங்க யாரு உங்களுக்கு?"

குணவதி கண்ணைத் துடைத்தாள்.

"எங்க அக்கா. வாய் கொஞ்சம் நீளம். மனசுல ஒண்ணும் கிடையாது. வாங்க சம்பந்தி, நடந்தே போயிருவோம்."

பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு எட்டுப் பேரும் அவளோடு நடந்தார்கள். நான் போகவில்லை. ரெண்டு முனைக்கும் ஆள் இல்லையே. கொத்தனார்கள் வேனைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுக்கண் அசையவே இல்லை. பூச்சு ஈரம்கூடக் காயாத நேரத்தில் டிராக்டரையும் வேனையும் சேர்த்துத் தாங்கி நின்றது.

பிப்ரவரி 24, திங்கள்

ஓவர்சியர் எங்கள் ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துத் திட்டினார். டிராக்டர் கவிழ்ந்திருந்தால் யார் பதில் சொல்வது என்றார். நியாயம். தலையைக் குனிந்து நின்றோம். குணவதியின் முழங்கை என் முழங்கையில் இடித்தது. சின்னப் பிள்ளையில் திட்டு வாங்கும்போதும் இப்படித்தான் இடிப்பாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை என்று கிசுகிசுத்தாள். அதற்கும் சேர்த்து ஓவர்சியர் திட்டினார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. சரியாம். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: பெரியம்மா கட்டாயம் வர வேண்டும், ஆனால் பந்தியில் பரிமாறக் கூடாது, முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாயில் சோறு இருக்கும் வரை பயமில்லை என்று நினைத்திருப்பார். கெட்டிக்காரி. எனக்குச் சரியான சம்பந்தி.

மினி பஸ் 4. ஜீப் 6. டிராக்டர் 3. இன்று எல்லாவற்றையும் எண்ணினேன்.

பிப்ரவரி 26, புதன்

இனிமேல் கட்டையை நம்ப முடியாது என்று ஓவர்சியர் ரெண்டு வாக்கி டாக்கி கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பேச வேண்டும் என்றால் பொத்தானை அமுக்க வேண்டும். விட்டால் அடுத்தவர் பேசுவது கேட்கும். வண்டி விஷயம் மட்டும்தான் பேச வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பெட்டி கரகரத்தது. குணவதி. ஆறு வருஷத்துக்கு முன்னால் கேசரியில் ஆரம்பித்தாள். அன்று ராத்திரி இலக்கியா அழுதது. நின்று போன நாலு சம்பந்தமும், ஊர் பேர் சொல்லி. ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் கொடுத்தனுப்பிய கரும்பை அவள் மாட்டுக்குப் போட்டது, போட்டுவிட்டு அழுதது. நடுநடுவே, வேன் ஒண்ணு வருது விடுறேன், என்று வண்டியும் சரியாக விட்டாள்.

இந்தப் பக்கத்து வண்டிக்கு 'விடுறேன்' என்பதைத் தவிர நான் பொத்தானை அமுக்கவே இல்லை. சவுந்தர் வந்து, அக்கா நீங்க ஒண்ணும் சொல்லலியா என்று கேட்டான். கையைக் காட்டி உட்கார வைத்தேன். அவனும் கேட்டான்.

நாலரை மணிக்குப் பேட்டரி தீர்ந்து பெட்டி செத்துவிட்டது. பாலம் சத்தமில்லாமல் ஆனது. கொஞ்ச நேரத்தில் ஒட்டக முதுகின் மேலே பச்சைச் சட்டை தெரிந்தது. பாதிப் பாலம் நடந்து வந்து, அங்கேயே நின்று, ரெண்டு கையையும் வாய்க்குக் குவித்து, இன்னும் பாதி பாக்கி இருக்கு, காலையில சீக்கிரம் வா என்று கத்திவிட்டுப் போனாள்.